சாட்சிக் கண்ணாடி

அவரை வீட்டுக்குள் கூப்பிட ஆட்களுக்கு உள்ளூர ஒரு நடுக்கம் உண்டு. "அந்த மனுஷன் காலை வெச்சா வீடு போச்சுன்னு வெச்சுக்கோ" என்று பேசிக்கொள்வார்கள். ஆனாலும் கூப்பிடாமல் இருக்க முடியாது. பழைய வீட்டை விலைக்கு வாங்கப் போகிறவர்கள், அண்ணன் தம்பிக்குள் பாகம் பிரிக்கிறவர்கள், மேலே ஒரு மாடி எழுப்ப ஆசைப்பட்டவர்கள், சுவரில் கோடு கண்டு தூக்கம் தொலைத்தவர்கள், எல்லோருக்கும் கடைசியில் அவர் வாயிலிருந்து ஒரு சொல் வேண்டும். பழுது, இல்லாவிட்டால் இடி. பழுது என்றால் வீட்டை வைத்துக்கொண்டு செப்பனிடலாம். இடி என்றால் சாமான்களை மூட்டை கட்ட ஆரம்பிக்க வேண்டியதுதான். இரண்டுக்கும் நடுவில் மழுப்புகிற சொல் எதுவும் அவரிடம் இருந்ததில்லை.

"கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க மேஸ்திரி" என்று கெஞ்சுவார்கள்.

"நான் கொஞ்சமாத்தான் சொல்றேன். ஒரே வார்த்தை" என்பார்.

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் அவரை விட்டது, அவரும் பள்ளிக்கூடத்தை விட்டார். சாந்து குழைக்கப் போனவர் செங்கல் சுமந்து, கரண்டி பிடித்து, முப்பது வயதில் மேஸ்திரி ஆனார். நாற்பதுக்கு மேல், கட்டுகிற வேலையைவிடக் கட்டியதைப் பார்த்துச் சொல்கிற வேலையில்தான் பேர் எடுத்தார். அதற்கு அவரிடம் இருந்தது பெரிய சாமான் ஒன்றும் இல்லை. தட்டிப் பார்க்க விரல் முட்டி, சாய்வு பார்க்க நூலில் கட்டிய தூக்குக்குண்டு, ஓர் உளி, அப்புறம் சட்டைப் பையில் பழைய துணி சுற்றிய கண்ணாடித் துண்டுகள். ஒவ்வொன்றும் விரல் நீளம், விரல் அகலம்.

சுவரில் விரிசல் இருந்தால் அது செத்த விரிசலா உயிருள்ள விரிசலா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. செத்தது என்றால் என்றைக்கோ விட்டது, அத்தோடு நின்றுவிட்டது, பட்டி வைத்துப் பூசிவிடலாம். உயிருள்ளது என்றால் வீடு இன்னும் நகர்ந்துகொண்டிருக்கிறது. விரிசலுக்குக் குறுக்கே கண்ணாடித் துண்டை வைத்து இரண்டு முனையையும் பசையால் ஒட்டி, பக்கத்தில் தேதி எழுதிவிட்டு வந்துவிடுவார். ஒரு மழைக்காலம் கழிய வேண்டும். சுவர் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் கண்ணாடி இழுபடாது, உடையும். அதற்குச் சாட்சி என்று பேர். "உங்க வீட்டுல சாட்சி வெச்சாச்சா?" என்று தெருவில் விசாரிப்பார்கள். அப்படித்தான் அவர் கண்ணாடி மேஸ்திரி ஆனார். மூக்கில் கண்ணாடி போட்டது ரொம்பப் பின்னால்.

சாட்சி வைப்பதில் ஒரு விதி உண்டு. பெயிண்ட் மேலே ஒட்டக் கூடாது. செங்கல் தெரிகிறவரை சுரண்டி, செங்கல்மேல் ஒட்ட வேண்டும். சுவர் ஒரு பக்கம் போக, பெயிண்ட் தோல் மாதிரி கழன்று கண்ணாடியோடு நின்றுகொண்டால் சாட்சி பொய் சொல்லிவிடும். அவருக்குக் கீழே 'அவசரம்' என்று பட்டப்பேர் வாங்கிய கொத்தனார் ஒருவன் இருந்தான். சாப்பாட்டு நேரம் நெருங்குகிறதென்று ஒரு வீட்டில் பெயிண்ட் மேலேயே ஒட்டிவிட்டு வந்தான். மழை முடிந்தது, கண்ணாடி முழுசாக இருந்தது, பழுது என்று சொல்லியாகிவிட்டது. அடுத்த மாதம் மாடிக் கைப்பிடிச் சுவர் அப்படியே கீழே நின்ற ஸ்கூட்டர்மேல் உட்கார்ந்தது. ஆள் யாருக்கும் அடியில்லை. ஆனால் அவசரம் அதற்கப்புறம் ஒரு வருடம் கரண்டியைத் தொடவில்லை. தொட விடவில்லை. "உன் கைக்கு மண்வெட்டி போதும்டா. சோத்துக்கு அவசரப்பட்டவன் சுவத்துக்கிட்ட வராதே" என்று எல்லார் எதிரிலும் சொல்லிவிட்டார். அவ்வளவு கடுமை.

சொந்த வீடு மட்டும் அவர் நாலு வருடம் ஞாயிற்றுக்கிழமைகளில் கட்டியது. இடித்த வீடுகளிலிருந்து கேட்டு வாங்கிய செங்கல். ஹால் சுவர் ஒரு வக்கீல் வீட்டுடையது, சமையலறை ஒரு பழைய சோடாக் கம்பெனி, மாடிப்படிக்குக் கீழே இருப்பது பள்ளிக்கூடத்துக் கழிப்பறை. "அதை மட்டும் வெளிய சொல்லாதீங்க" என்பாள் மனைவி. பொண்டாட்டி வாயும் லேசுப்பட்டதில்லை. வீட்டுக்கு வந்தவர்களிடம் "இவர் ஊரெல்லாம் இடிச்சு இங்க ஒட்டியிருக்காரு" என்று அறிமுகம் செய்வாள்.

மகள் பிறக்கப் போகிறாள் என்று தெரிந்ததும் பின்னால் ஓர் அறை சேர்க்க வேண்டியிருந்தது. பின்பக்க மூலையில்தான், வீடு கட்டும்போது சுண்ணாம்பு நீற்றுவதற்காகத் தோண்டிய குழி இருந்தது. வேலை முடிந்தபின் அதில் உடைசல் செங்கலையும் மண்ணையும் போட்டு நிரப்பியிருந்தார். முறையாகப் பார்த்தால் அதையெல்லாம் வாரி வெளியே போட்டு, கெட்டித் தரை வரும்வரை தோண்டி, அப்புறம் கருங்கல் வைத்திருக்க வேண்டும். மழை வேறு பிடித்துக்கொண்டது. அவளுக்கு நாள் நெருங்கிவிட்டது. குழியின்மேலேயே கல்லை வைத்து, ஹாலுக்கும் அறைக்கும் நடுச்சுவரை எழுப்பிவிட்டார்.

"தாங்குமாங்க?" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"யானை நின்னாலும் தாங்கும்."

யானை வரவில்லை. மகள்தான் வந்தாள், அந்த அறையில் வளர்ந்தாள், படித்தாள், கல்யாணமாகிப் போனாள்.

ஹாலுக்கும் பின் அறைக்கும் நடுவில் உள்ள சுவரில்தான் டெலிபோன் இருந்தது. அதற்கு மேலே பென்சிலால் நம்பர்களை எழுதி வைத்திருந்தாள் மனைவி. காஸ், கரண்ட் ஆபீஸ், தண்ணி லாரி, தையல், டாக்டர். எல்லாவற்றுக்கும் கீழே 'இவர்' என்று போட்டு அவருடைய செல்போன் நம்பர். சுவரில் எழுதாதே என்று அவர் எத்தனையோ தடவை கத்தியிருக்கிறார். "ஊர்ல இருக்கிற சுவத்தையெல்லாம் நீங்க நோண்டலாம், என் வீட்டுச் சுவத்துல நான் எழுதக் கூடாதா?" என்று அடுத்த நம்பரை இன்னும் பெரிதாக எழுதினாள்.

தினமும் மத்தியானம் ஒரு மணிக்கு அந்தப் போனிலிருந்து கூப்பிடுவாள். சாப்பிட்டீர்களா, எப்போது வருவீர்கள் என்றெல்லாம் கிடையாது. ஒரே கேள்வி.

"ஏங்க, இன்னிக்கு இடியா, பழுதா?"

"இடி."

"சரி. வெந்நீர் போட்டு வெக்கிறேன்."

போனை வைத்துவிடுவாள். காரணம் இருந்தது. பழுது என்றால் தட்டிப் பார்த்துவிட்டுச் சட்டை மடிப்புக் கலையாமல் வருவார். இடி என்று சொல்வதற்கு முன் அவர் நாலு இடத்தில் பூச்சைக் கொத்தி எடுத்து, அஸ்திவாரம் வரை நோண்டி, கண்ணால் பார்த்துவிட்டுத்தான் சொல்வார். பழைய சுண்ணாம்புத் தூசி தலையோடு கால் ஏறியிருக்கும். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் பசையாகிவிடும். வெந்நீர்தான் கேட்கும். தூசியோடு வந்து நாற்காலியில் உட்கார்ந்தால் தொலைந்தார். குளித்துவிட்டு வருகிறவரை நின்றுகொண்டே இருக்க வேண்டும். மகள்கூடச் சின்ன வயதில் வாசலில் நின்று, "இடியா, பழுதா?" என்று அம்மா குரலிலேயே கேட்டு வழியை மறிப்பாள்.

மனைவி போய் மூன்று வருடமாகிறது. ஆஸ்பத்திரியில் ஏழு நாள். அவ்வளவுதான்.

அதன்பின் அவர் வேலைக்குப் போகவில்லை. முட்டியில் வலி என்று சொல்லிக்கொண்டார். டெலிபோன் இணைப்பை வெட்டிவிட்டார்கள், கருவியைக் கழற்றி எடுத்தபின் இரண்டு திருகாணி ஓட்டையும் மேலே பென்சில் எழுத்தும் மிச்சம். கட்டிலை ஹாலுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார். மாடியைப் பூட்டினார், பின் அறையைச் சாத்தினார். ஐந்து அறை வீட்டில் ஒன்றரை அறைதான் அவருக்குச் செலவானது. சமையலறையில் நின்றபடியே சாப்பிட்டுத் தட்டைக் கழுவி வைத்தால் அன்றைய காரியம் முடிந்தது. சில சமயம் மூன்று நாள், நாலு நாள் ஒரு வார்த்தை பேசாமல் போய்விடும். பால் வாங்கப் போய் "அரை லிட்டர்" என்று சொன்னால் குரல் துருப்பிடித்த கீல் மாதிரி வரும். பால்காரர் "உடம்பு சரியில்லையா?" என்பார். உடம்புக்கு ஒன்றும் இல்லை. வாயைத் திறந்து நாளாகிவிட்டது, அவ்வளவுதான். செல்போனை மட்டும் ஒரு மணிக்குக் கையில் எடுத்துப் பார்ப்பார். ஏன் எடுத்தோம் என்று தெரியாமல் திரும்ப வைப்பார்.

போன கோடையில் மகள் கூப்பிட்டாள். அவள் இருப்பது ரயிலில் ஒரு பகல் தூரம். மாப்பிள்ளை, ஆறு வயதுப் பேத்தி, மாப்பிள்ளையின் அம்மா என்று நாலு பேர்.

"அப்பா, இந்த வருஷம் எங்க ஆபீஸ்ல மாற்றல் கேக்கலாம். நம்ம ஊருக்கே கேக்கலாம்னு பாக்குறேன்."

அவர் கட்டிலிலிருந்து எழுந்து நின்றார்.

"ஆனா ஒண்ணுப்பா. அங்க வந்தா இவர் புதுசா வேலை தேடணும். வாடகையும் குடுத்துட்டு அந்த ரிஸ்க் எடுக்க முடியாது. நம்ம வீட்டைப் பழுது பாத்து இருக்கலாம்னா வர்றோம். இல்லைன்னா இங்கேயே ஆபீஸ் குவார்ட்டர்ஸ் தர்றாங்க, சின்னதுதான், ரெண்டு ரூம். அதுக்குள்ள போயிடுவோம். நீங்களே பாத்துச் சொல்லுங்க. உங்களுக்குத் தெரியாததா?"

"பின் ரூம்ல குழந்தையைப் படுக்க வெச்சுக்கலாம்" என்றார் அவர். கேட்டது ஒன்று, சொன்னது ஒன்று.

"அந்தச் சுவத்துல ஒரு விரிசல் இருந்துச்சே? நான் பத்தாவது படிக்கும்போதே இருந்துச்சு."

"அது செத்த விரிசல்."

"சாட்சி வெச்சுப் பாத்தீங்களா?"

மேஸ்திரி மகள். சும்மா விடுவாளா.

"வெக்கிறேன்" என்றார். "மழை முடியட்டும். கண்ணாடி உடைஞ்சா இடிப்போம், நிலத்தை வித்துட்டு உன் பேர்ல போடுவோம். உடையலைன்னா நீ மூட்டையைக் கட்டு."

மறுநாள் காலை கண்ணாடித் துண்டையும் உளியையும் எடுத்துக்கொண்டு சுவரண்டை போனார். விரிசல் மேலிருந்து இறங்கி, பென்சில் நம்பர்களுக்கு நடுவில் புகுந்து, 'இவர்' என்கிற வரியைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போனது. அதற்கு மேலே ஒட்டலாம் என்றால் பூச்சு மேடும் பள்ளமும், கீழே ஒட்டலாம் என்றால் பழைய ஒயர் போன பள்ளம். குறுக்கே கண்ணாடி உட்கார ஒழுங்கான இடம் அந்த வரிதான். உளியை வைத்தார். எடுத்தார். துணியால் கையைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார்.

பெயிண்டைத் தட்டிப் பார்த்தார். கெட்டியாக இருந்தது. நல்ல பெயிண்ட், அவரே அடித்தது. கண்ணாடியும் தெளிவு, பசையும் தெளிவு, ஒட்டினாலும் எழுத்துத் தெரியும் என்று நினைத்தார். அப்படியே ஒட்டினார். தேதி எழுதினார். அவர் ஆயுளில் சுரண்டாமல் வைத்த சாட்சி அது ஒன்றுதான்.

மழை இறங்கியது. ஒவ்வொரு நாள் காலையும் பல் தேய்க்கும் முன் கண்ணாடியைப் போய்ப் பார்ப்பார். முழுசாக இருக்கும். மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் கேட்பாள். "என்ன சொல்றாரு உங்க சாட்சி?" "வாயைத் திறக்கல." பேத்தி போனைப் பிடுங்கிக்கொள்வாள். "தாத்தா, என் ரூமுக்கு மஞ்சள் அடிங்க. கோழிக்குஞ்சு மஞ்சள்." அவர் பெயிண்ட் கடைக்குப் போய் ஆறு மஞ்சள் நிற மாதிரி அட்டைகளை வாங்கி வந்து, எது கோழிக்குஞ்சு என்று தெரியாமல் ஆறையும் பின் அறைச் சுவரில் குத்தி வைத்தார்.

பின் அறைக் கதவு மட்டும் நிலையில் சிக்க ஆரம்பித்தது. மழைக்கு மரம் ஊதியிருக்கும் என்று இழைப்புளியால் ஓரத்தைச் சீவினார். பதினைந்து நாளில் மறுபடி சிக்கியது. மறுபடி சீவினார். வேறு யாராவது வீட்டில் இதைப் பார்த்திருந்தால், கதவு சிக்கவில்லை ஐயா, நிலை சாய்கிறது என்று ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பார். இங்கே மரத்தைத் திட்டினார்.

மழை நின்று இரண்டு வாரம் பார்த்தார். கண்ணாடியில் கீறல்கூட இல்லை. மகளுக்குப் போன் செய்து, "பழுது" என்றார்.

அந்தப் பக்கம் ஒரே சத்தம். பேத்தி குதிக்கிறாள் என்றாள் மகள். மாற்றல் விண்ணப்பத்தை எழுதி வைத்துவிட்டேன், மாதக் கடைசியில் கொடுக்க வேண்டும், குளியலறையை மட்டும் முதலில் சரி செய்யுங்கள் என்றாள்.

பிளம்பரைக் கூப்பிட்டார். அவருக்கும் பிளம்பருக்கும் முப்பது வருடப் பழக்கம், முப்பது வருடச் சண்டை.

"மேஸ்திரி வீட்டுலயே எனக்கு வேலையா? அதிசயம்தான். எங்க போனாலும் இடின்னு சொல்லி என் பொழப்புல மண்ணைப் போட்ட ஆளாச்சே நீங்க" என்றபடி பையை இறக்கினார் பிளம்பர்.

"பேசாம வேலையைப் பாருய்யா. பைப்பு இந்தச் சுவரு வழியா வரட்டும்."

"பேத்தி வர்ற குஷியில முகமே மாறியிருக்கு. சிரிக்கிறீங்களோன்னு பயந்துட்டேன்."

"சிரிக்கல. வெயில்."

துளைபோடும் மிஷினை எடுத்துச் சுவரில் வைத்து அழுத்தினார் பிளம்பர். சுவர் அதிர்ந்தது. இரண்டாவது அழுத்தில் கண்ணாடித் துண்டு கழன்று, கீழே திறந்து கிடந்த பிளம்பரின் பைக்குள், பழைய துணிமேல் விழுந்தது. உடையவில்லை.

"அடடா. பசை விட்டுடுச்சு மேஸ்திரி" என்று எடுத்துக் கொடுத்தார் பிளம்பர். "கண்ணாடி என்னமோ கெட்டிதான். திரும்ப ஒட்டிக்குங்க."

மேஸ்திரி வாங்கித் திருப்பிப் பார்த்தார். பசை விடவில்லை. பசை அப்படியே இருந்தது, அதோடு பெயிண்ட் அப்பளம் மாதிரி ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. முன்பக்கம் திருப்பினால் கண்ணாடிக்குள் பென்சில் எழுத்து. 'இவர்', அதற்குப் பக்கத்தில் அவர் நம்பரின் முதல் நாலு எண்கள். சுவரில் அந்த இடத்தில் பெயிண்ட் இல்லை, வெறும் பூச்சு. பூச்சில் விரிசல். அவர் சின்ன விரல் நகத்தை வைத்தார். நகம் உள்ளே போனது.

"இன்னிக்குப் போதும்யா" என்றார்.

"என்ன போதும்? இப்பத்தானே ஆரம்பிச்சேன்."

"போதும்னா போதும்."

பிளம்பர் அவர் முகத்தைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். முப்பது வருடம் கட்டடங்களில் கிடந்தவர். "மேஸ்திரி, இது நாப்பது வருஷம் நின்ன வீடு. இன்னும் இருபது நிக்கும். உங்க காலம் முடியுற வரைக்கும் தாராளமா நிக்கும். கண்ணாடி உடையலைதானே? உடையலைன்னு சொன்னதுல பொய் என்ன இருக்கு?" என்று தணிந்த குரலில் சொல்லிவிட்டுப் பையை மூடினார். வாசல்வரை போனவர் திரும்பி, "நான் ஒண்ணும் பாக்கல" என்றார்.

நல்லதுக்குத்தான் சொன்னார். அதுதான் கஷ்டமாக இருந்தது.

இரண்டு நாள் மேஸ்திரி கண்ணாடித் துண்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தார். ஒரு சொட்டுப் பசை போதும், இருந்த இடத்தில் ஒட்டிவிடலாம். மாதக் கடைசி தாண்டிவிட்டால் மாற்றல் வந்துவிடும், வண்டியில் சாமான் வந்து இறங்கிவிடும், வீட்டில் தண்ணீர் விழும் சத்தம், செருப்புச் சத்தம், சண்டைச் சத்தம் எல்லாம் வந்துவிடும். அவர் இருபது பேர் இருக்கிற கூட்டுக் குடும்பத்தில் வாழ்ந்த மனிதர் இல்லை. நாலு பேர் சத்தம் போதும். பின் அறைக்குப் போய் நின்றார். ஆறு மஞ்சளும் சுவரில் இருந்தன. கட்டில் எங்கே போடலாம் என்று முன்பே சுண்ணக்கட்டியால் தரையில் கோடு போட்டிருந்தார். நடுச்சுவர் மூலையை ஒட்டி. குழி இருக்கிற மூலை. ஜன்னல் காற்று வரும் என்று அங்கே போட்டிருந்தார்.

கோட்டுக்குள் போய் நின்று மேலே பார்த்தார். கூரை. அண்ணாந்தபடி வெகுநேரம் நின்றார். அப்புறம் செருப்புக்காலால் கோட்டைத் தேய்த்து அழித்துவிட்டு, போய் உளியை எடுத்துக்கொண்டு வந்தார்.

இந்த முறை செங்கல் தெரிகிறவரை சுரண்டினார். 'இவர்' போனபின் மிச்சமிருந்த எண்களும் போயின, தையலும் டாக்டரும் பாதியாகிப் போனார்கள். புதுக் கண்ணாடியை வைத்து ஒட்டி, தேதி எழுதினார். மழை முடிந்து தரை காய்கிற நேரம். அடியில் பள்ளமிருந்தால் இப்போதும் இறங்கும். மகளிடம் குழாய் சாமான் வரவில்லை, பத்து நாள் ஆகும் என்று சொல்லி வைத்தார்.

ஒன்பதாம் நாள் காலை கண்ணாடி இரண்டாகியிருந்தது. சத்தம் எப்போது வந்ததென்று தெரியவில்லை. நேர்கோடு, பென்சிலால் கிழித்த மாதிரி.

அப்போதும் அவர் சொல்லவில்லை. கண்ணால் பார்க்காமல் சொல்கிற வழக்கமில்லை. பின் அறை மூலையில் தரையைப் பெயர்த்தார். முட்டி வலியோடு உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்து, காலையிலிருந்து கொத்தினார். பூச்சு உதிர்ந்தது, சுண்ணாம்புத் தூசி கிளம்பி அறை முழுக்க நின்றது. அஸ்திவாரக் கல் தெரிந்தது. கல்லுக்குக் கீழே கையை விட்டார். மண் இல்லை. அவர் போட்டு நிரப்பிய உடைசல் எல்லாம் இந்த வருடங்களில் ஒன்றுக்குள் ஒன்று அமர்ந்து கீழே போய்விட்டிருந்தது. கை முழங்கைவரை காற்றில் போனது. உள்ளே குளிர்ச்சியாக இருந்தது.

கையை உருவிக்கொண்டு எழுந்து ஹாலுக்கு வந்தார். மணி ஒன்று ஆகப் போகிறது. போனை எடுத்தார். இந்தத் தடவை எதற்கு எடுத்தோம் என்று தெரிந்திருந்தது.

"சொல்லுங்கப்பா. பைப்பு வந்துடுச்சா?" என்றாள் மகள். ஆபீஸ் சத்தம் பின்னால் கேட்டது.

"கேளு."

"என்ன கேக்க?"

"உங்கம்மா கேப்பாளே, அது மாதிரி கேளு."

நாற்காலி நகர்ந்தது, ஆபீஸ் சத்தம் குறைந்தது. எழுந்து எங்கோ வெளியே போயிருக்க வேண்டும். கதவு மூடியது.

"இடியா, பழுதா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"இடி."

அவரே பேசினார். "நான் போன தடவை சொன்னது தப்பு. பெயிண்ட் மேலேயே ஒட்டிட்டேன். சுரண்டல."

"நீங்களா? நீங்களாப்பா பெயிண்ட் மேல ஒட்டுனீங்க?"

"நான்தான்."

ஏன் என்று அவள் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ தெரியாது. கேட்கவில்லை. "அடியில முட்டுக் குடுக்க முடியாதா? பின் ரூமை மட்டும் எடுத்துட்டா?"

"மாடி அந்தச் சுவத்துமேலதாம்மா நிக்குது. முட்டு எதுமேல வெக்க? கீழ ஒண்ணுமில்ல. கையை விட்டுப் பாத்தேன்."

"பாப்பாகிட்ட என்ன சொல்றது?"

"தாத்தா தப்பா கட்டிட்டாருன்னு சொல்லு."

"அப்பா."

"உண்மைதானே. நீ பொறக்குறதுக்குள்ள முடிக்கணும்னு கட்டுனது. உனக்குக்கூட நான் அவசரமாத்தான் கட்டியிருக்கேன்."

அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அப்புறம் காரியமான குரலில், இன்றைக்கே குவார்ட்டர்ஸ் வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிடுகிறேன், நாளை கடைசி நாள் என்றாள். "நீங்க எங்கப்பா இருப்பீங்க? இங்க வந்துடுங்கன்னு…" அங்கேயே நின்றுவிட்டாள். இரண்டு அறையில் நாலு பேர் என்பது இருவருக்கும் தெரியும்.

"பால்காரர் மாடியில ஒரு ரூம் இருக்கு. நேத்தே கேட்டு வெச்சுட்டேன்" என்றார். கேட்கவில்லை. இனிமேல்தான் கேட்க வேண்டும். "சுவரைத் தட்டிப் பாத்தேன். நல்ல சுவரு."

"லீவுக்கு வர்றோம்."

"வாங்க."

"பத்திரமா இருங்கப்பா. அந்தப் பக்கம் படுக்காதீங்க."

"ம்."

போனை வைத்தார். தலை, புருவம், காது, எல்லாம் வெள்ளை. சட்டைப் பையில் பழைய கண்ணாடித் துண்டு இருந்தது. அதை எடுத்துத் துடைக்கப் போனவர், கை முழுக்கச் சுண்ணாம்பு என்று பார்த்துவிட்டு மறுபடி பைக்குள்ளேயே விட்டார்.

சமையலறைக்குப் போய் மேல்தட்டிலிருந்து அலுமினியக் குண்டானை இறக்கினார். மூன்று வருடத் தூசி. கழுவி, தண்ணீர் பிடித்து, அடுப்பில் ஏற்றினார். மனைவி எவ்வளவு பிடிப்பாள் என்று தெரியவில்லை. கழுத்துவரை பிடித்துவிட்டார். அது சூடாவதற்கு நேரமாகும். ஹாலில் போய் உட்காரலாம், நாற்காலி சும்மாதான் கிடக்கிறது. ஆனாலும் அவர் அடுப்புக்குப் பக்கத்திலேயே, எதிலும் சாயாமல், தூசி எங்கும் ஒட்டாமல் நின்றுகொண்டிருந்தார். உட்கார்ந்தால் திட்டுவாள்.